“வெளிநாட்டுல எல்லாரும் ஆடுறாங்க” என்கிற தம்பிக்கு என்ன பதில்?

வாசகர் கடிதம்:

டாக்டருக்கு வணக்கம். எங்களுக்கு நீடாமங்கலம் பக்கத்தில் ஒரு கிராமம். எனக்கு 27 வயது, தனியார் பள்ளியில் ஆசிரியையாக இருக்கிறேன். அப்பாவுக்கு ஒன்பது மா, அதாவது ஏறக்குறைய மூன்று ஏக்கர் நிலம். சம்பா நெல்லைத் தை மாதம் கொள்முதல் நிலையத்தில் போட்டோம், 40 கிலோ மூட்டையாக 180 சிப்பம். 1,83,000 ரூபாய் சொச்சம் அப்பா கணக்கில் ஏறிவிட்டது. ஆனால் அது அப்பாவுக்குத் தெரியாது. அவருடைய பேங்க் நம்பர் சிம் தம்பியின் போனில் இருக்கிறது. “இன்னும் ஏறலப்பா, லேட்டாகுமாம்” என்று சொல்லி வைத்திருக்கிறான். போன வாரம் தற்செயலாகப் பார்த்தேன், மீதி 47,000தான் இருந்தது. தம்பிக்கு 20 வயது, இன்ஜினியரிங் மூன்றாம் ஆண்டு. முதலில் கிரிக்கெட் பந்தயம், இப்போது ஏதோ விமானம் பறக்கிற ஆட்டமாம். கேட்டதற்குச் சண்டைக்கு வந்தான். “இது சூதாட்டம் இல்லக்கா. இங்கிலாந்து, ஆஸ்திரேலியாவுல எல்லாம் என் வயசுப் பசங்க சாதாரணமா ஆடுறாங்க. அங்க கடையே இருக்கு. நீங்கதான் பெரிய பாவம் மாதிரி பேசுறீங்க” என்கிறான். சிங்கப்பூரில் இருக்கும் பெரியப்பா மகனும் இதில் தப்பில்லை என்றானாம். முந்தாநாள் ராத்திரி மட்டும் “நான் இல்லாமப் போயிட்டா எல்லாருக்கும் நிம்மதி” என்றான். என் கல்யாணத்துக்குச் சேர்த்த நகை பத்துப் பவுன் இருக்கிறது. அதை அடகு வைத்துக் கணக்கில் போட்டுவிட்டால் அப்பாவுக்குத் தெரியாமலே முடிந்துவிடும். செய்யலாமா? அவன் சொல்வது உண்மையா? இது நோயா, திமிரா?

மனநல மருத்துவரின் பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

நகை, அப்பா, வெளிநாடு எல்லாவற்றுக்கும் வருகிறேன். அதற்கு முன்னால், கடிதத்தில் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, “நான் இல்லாமப் போயிட்டா” என்று அவன் சொன்னதாக, அந்த வரியில் நிற்க வேண்டும். பணத்தை இழந்து, அதை வீட்டில் மறைத்து, மாட்டியும் கொண்ட ஒருவனுக்கு அதற்கடுத்த சில நாட்கள்தான் மிகவும் ஆபத்தானவை. விவசாய வீடு உங்களுடையது. வயலுக்கு அடிக்கிற மருந்து, களைக்கொல்லி, எலி மருந்து என்று கொட்டகையிலோ பரணிலோ ஏதாவது இருக்கும். இந்தப் பதிலை மேலே படிக்கும் முன் எழுந்துபோய் அவற்றை எடுத்து, தூரத்தில் இருக்கும் உறவினர் வீட்டில் பூட்டி வையுங்கள். அப்புறம் தம்பியிடம் நேராகவே கேளுங்கள்: “சாகணும்னு தோணுதாடா?” கேட்டால்தான் அந்த எண்ணம் வரும் என்று பலர் பயப்படுகிறார்கள். அப்படி வருவதில்லை. கேட்க ஒரு ஆள் இருக்கிறது என்பதே அந்தப் பாரத்தைக் கொஞ்சம் இறக்கும். ஆமாம் என்றாலோ, பதில் சொல்லாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டாலோ, தனியாக விடாமல் அன்றைக்கே திருவாரூர் அல்லது தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள். நடு ராத்திரியாக இருந்தாலும் 14416 என்ற டெலிமானஸ் எண்ணில் தமிழிலேயே பேசலாம். அரசின் இலவச சேவை, 24 மணி நேரமும் உண்டு.

இனி அவனுடைய வாதத்துக்கு வருவோம்.

அவன் சொல்வதில் பாதி உண்மை. அந்தப் பாதியை நீங்கள் ஒத்துக்கொள்ளாவிட்டால் மீதியை அவன் காதில் வாங்க மாட்டான். இங்கிலாந்தில் பந்தயக் கடைகள் தெருவிலேயே இருக்கின்றன, சட்டப்படிதான் நடக்கின்றன. அந்த நாட்டின் சூதாட்ட ஆணையம் ஒவ்வொரு வருஷமும் 11 முதல் 17 வயதுப் பிள்ளைகளிடம் கணக்கெடுக்கிறது. 2024 கணக்கில், அதற்கு முந்தைய ஒரு வருஷத்தில் சொந்தக் காசைப் போட்டு ஏதோ ஒரு சூது ஆடியவர்கள் 27 சதவீதம். நூற்றுக்கு 27 பிள்ளைகள்! ஆனால் அவர்கள் அதிகம் ஆடியது எது தெரியுமா? கடற்கரை ஊர்களில், விளையாட்டுக் கூடங்களில் நிற்கிற மெஷின். உள்ளே ஒரு தட்டு நிறையக் காசு விளிம்பில் தொங்கிக்கொண்டிருக்கும். மேலேயிருந்து நாம் ஒரு பென்ஸ் நாணயம் போட்டால் அது மற்றதைத் தள்ளும், விழுந்தால் நமக்கு. தாத்தா பேரனைக் கூட்டிப்போய்ப் போட வைப்பார். அடுத்தது நண்பர்களுக்குள் கட்டுகிற பந்தயம். இதையெல்லாம் அந்த ஊர்ப் பிள்ளைகள் சூதாட்டம் என்றே நினைப்பதில்லை, விடுமுறை நாள் விளையாட்டு என்றுதான் நினைக்கிறார்கள்.

உங்கள் தம்பி “இது சூதாட்டம் இல்லக்கா” என்றபோது பொய் சொல்லவில்லை என்றே எனக்குத் தோன்றுகிறது. இந்தத் தொழிலில் எனக்குக் கிடைத்த பாடங்களில் ஒன்று இது. எந்த ஊரிலும் பிள்ளைகள் தாங்கள் ஆடுவதற்குச் சூது என்று பெயர் வைப்பதில்லை. கடைமடை வரைக்கும் நம் டெல்டாவில் சூது என்றால் மனதில் வருவது என்ன? வாய்க்கால் கரையில், மூங்கில் புதர் மறைவில் துண்டை விரித்துப் போட்டு ஆடுகிற மூணு சீட்டு. போலீஸ் வந்தால் சிதறி ஓடுகிற ஆட்கள். தீபாவளி ராத்திரி விடிய விடிய மங்காத்தா ஆடிச் சம்பளத்தை விட்டவர். உங்கள் தம்பி அந்தத் துண்டில் உட்கார்ந்ததில்லை. அவன் மாடியில், ஃபேனுக்குக் கீழே, ஹெட்போன் மாட்டிக்கொண்டு “டீம் போட்டான்”, “கேம் ஆடினான்”, “ப்ரெடிக்‌ஷன்” பார்த்தான். வார்த்தையே வேறு.

நமக்கு மட்டும் என்ன வாழ்ந்தது? 2003-ல் தமிழ்நாட்டில் லாட்டரி தடை செய்யப்பட்டது. அதற்கு முன்னால் கும்பகோணத்தில் பஸ் ஸ்டாண்டு வாசலில் இறங்கினாலே கயிறு கட்டி லாட்டரிச் சீட்டைத் தொங்க விட்டிருப்பார்கள். என் சித்தப்பா சட்டைப் பையில் எப்போதும் ரெண்டு சீட்டு இருக்கும். காலையில் பேப்பர் வந்ததும் கண்ணாடியை மாட்டிக்கொண்டு கடைசிப் பக்கத்துப் பொடி எழுத்தில் நம்பரைத் தேடுவார். அவரை யாரும் சூதாடி என்று சொன்னதில்லை. அவரும் தன்னை அப்படி நினைத்ததில்லை. “அதிர்ஷ்டம் பாக்குறது” என்பார். உங்கள் அப்பாவையும் ஒரு நாள் கேட்டுப் பாருங்கள், அந்தக் காலத்தில் ஒரு சீட்டாவது வாங்கியிருப்பார்.

ஆகவே அவனிடம் அந்தப் பெயரை ஒத்துக்கொள்ள வைக்க மல்லுக்கட்ட வேண்டாம். அந்தச் சண்டையில் நீங்கள் ஜெயித்தாலும் ஒரு பலனும் இல்லை. பேச வேண்டிய இடம் வேறு. அதற்கு அவன் சொல்லாத மீதிப் பாதி நமக்கு உதவும். அவன் காட்டுகிற அதே நாடுகள் அவன் வயதுப் பையன்களுக்காக இப்போது என்ன செய்துகொண்டிருக்கின்றன என்பதை அவனுக்கு யாரும் சொல்லவில்லை.

இங்கிலாந்திலேயே அதே கணக்கெடுப்பில், ஆட்டம் பிரச்சினையாக முற்றிவிட்ட பிள்ளைகள் 2023-ல் 0.7 சதவீதம், 2024-ல் 1.5 சதவீதம். அங்கே 16 வயதிலேயே தேசிய லாட்டரி வாங்கலாம் என்று இருந்ததை 2021-ல் 18 ஆக்கினார்கள். 2025 மே மாதத்திலிருந்து 18 முதல் 24 வயது வரை உள்ளவர்கள் ஆன்லைன் ஸ்லாட் ஆட்டத்தில் (தட்டினால் படங்கள் சுழன்று நிற்கும் சூது) ஒரு சுற்றுக்கு 2 பவுண்டுக்கு மேல் வைக்க முடியாது. 25 ஆனவர்களுக்கு 5 பவுண்டு. அதாவது, உன் வயது மூளைக்கு இது கூடுதல் ஆபத்து என்று அந்த நாட்டுச் சட்டமே தனியாக ஒரு விதி எழுதியிருக்கிறது. பிரீமியர் லீக் கால்பந்து கிளப்புகள் 2025-26 பருவம் முடிந்ததும் சட்டையின் முன்பக்கத்திலிருந்து சூதாட்டக் கம்பெனி பெயரை எடுத்துவிடுவதாகத் தாங்களே ஒத்துக்கொண்டிருக்கின்றன.

ஆஸ்திரேலியாவைப் பற்றி அவன் பெருமையாகச் சொன்னால் இதைச் சொல்லுங்கள்: தலைக்கு இவ்வளவு என்று கணக்குப் போட்டால் உலகத்திலேயே சூதில் அதிகம் இழக்கிறவர்கள் அவர்கள்தான். அங்கே மதுக்கடைகளிலும் கிளப்புகளிலும் காசு விழுங்கும் மெஷின்கள் வரிசையாக நிற்கும். விளையாட்டு ஒளிபரப்பில் விளம்பரம் பார்த்துப் பார்த்து, பந்தயம் கட்டுவது விளையாட்டின் ஒரு பகுதி என்றே நினைக்கிற அளவுக்குப் பள்ளிப் பிள்ளைகள் வந்துவிட்டதை அந்த நாட்டு ஆராய்ச்சியாளர்களே கண்டு எழுதினார்கள். 2023 ஜூனில் பீட்டா மர்ஃபி என்ற பெண் எம்.பி. தலைமையிலான நாடாளுமன்றக் குழு, ஆன்லைன் சூதாட்ட விளம்பரத்தை மூன்று வருஷத்தில் படிப்படியாக முழுக்க ஒழிக்க வேண்டும் என்று பரிந்துரைத்தது. ஒரு தலைமுறையே இப்படி வளர்ந்த பிறகு பதறுகிறார்கள். அமெரிக்காவில் 2018 மே மாதம் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்த பிறகுதான் மாநிலம் மாநிலமாக விளையாட்டுப் பந்தயம் சட்டபூர்வமானது. ஐந்து வருஷம் கழித்து அங்கே கல்லூரி விளையாட்டுச் சங்கம் 18 முதல் 22 வயதுக்காரர்களிடம் கேட்டபோது 58 சதவீதம் பேர் ஏதாவது ஒரு பந்தயம் கட்டியிருந்தார்கள். அவ்வளவு சீக்கிரம் மனசு மாறுகிறது. தடுத்து நின்ற வேலியை எடுத்தார்கள், கையில் போன் இருந்தது, அவ்வளவுதான்.

எனக்கு நம் டெல்டாவை அதிகம் நினைவுபடுத்துவது கென்யா. அங்கே 2007-லேயே போனில் பணம் அனுப்புகிற வசதி வந்துவிட்டது. கிராமத்து விவசாயி முதல் பெட்டிக்கடை வரை எல்லாரும் அதில்தான் கொடுக்கல் வாங்கல். 2017-ல் ஒரு கருத்துக்கணிப்பு நிறுவனம் 17 முதல் 35 வயதுக்காரர்களிடம் கேட்டதில் 76 சதவீதம் பேர் சூது ஆடியிருந்தார்கள். இங்கிலாந்துப் பையனுக்கு அது பொழுதுபோக்கு. வேலை கிடைக்காத நைரோபிப் பையன் பலருக்கு அது வருமானத்துக்கு ஒரு வழி. நம் பையன்கள் ரெண்டுக்கும் நடுவில் நிற்கிறார்கள். “செலவுக்கு அப்பாகிட்ட கேக்க வேணாமேன்னு ஆரம்பிச்சேன் சார்” என்று என்னிடம் சொன்ன பையன்கள் நிறைய. உங்கள் தம்பியும் அநேகமாக அப்படித்தான் ஆரம்பித்திருப்பான். அதைத் திமிர் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அப்புறம் உங்கள் பெரியப்பா மகன் இருக்கும் சிங்கப்பூர். அங்கே கேசினோ உண்டு, 2010-ல் திறந்தார்கள். ஆனால் 21 வயது ஆகாமல் உள்ளே விட மாட்டார்கள். உங்கள் தம்பி வாசலிலேயே திரும்ப வேண்டியதுதான். அந்த நாட்டுக் குடிமக்களும் நிரந்தரவாசிகளும் உள்ளே போவதற்கே ஒரு நாளைக்கு 150 சிங்கப்பூர் வெள்ளி கட்ட வேண்டும். எல்லாவற்றையும் விட, உங்களுக்குப் பிடிக்கப்போகிற விஷயம் ஒன்று: வீட்டில் ஒருவர் ஆடி அழிகிறார் என்றால் மனைவியோ, பெற்றவர்களோ, கூடப் பிறந்தவர்களோ விண்ணப்பம் போட்டு அவரை கேசினோவுக்குள் விடாதபடி தடை வாங்கலாம். அக்கா கேட்டால் தம்பிக்குக் கதவு அடைபடும். தப்பில்லை என்று சொன்ன அண்ணனிடம் இதைப் பற்றி விசாரித்துச் சொல்லச் சொல்லுங்கள்.

நம் நாட்டுச் சட்டமும் மாறிவிட்டது. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம், திறமையா அதிர்ஷ்டமா என்ற வேறுபாடே பார்க்காமல் காசு வைத்து ஆடும் எல்லா ஆன்லைன் ஆட்டத்தையும் தடை செய்கிறது. நடத்துபவருக்கு 3 வருஷம் வரை சிறை, 1 கோடி வரை அபராதம். பெரிய கம்பெனிகள் பல சில நாட்களிலேயே காசு ஆட்டத்தை நிறுத்தின. இப்போது பையன்கள் ஆடுவது பெரும்பாலும் டெலிகிராம் குழு வழியாக வரும் வெளிநாட்டுத் தளம். பணம் யார் யாரோ தனி ஆட்களின் யுபிஐக்குப் போகும். ஜெயித்தால் தராவிட்டால் கேட்க நாதி இல்லை. மத்தியச் சட்டம் ஆடுபவனைத் தண்டிக்கவில்லை. தமிழ்நாட்டின் 2022-ம் வருஷத்துச் சட்டத்தில் ஆன்லைன் சூது ஆடுபவருக்கும் 3 மாதம் வரை சிறை அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம் என்று இருக்கிறது. இதை வைத்து அவனைப் பயமுறுத்தாதீர்கள். சிகிச்சைக்கு வந்தவர் சொல்வதை ரகசியமாக வைத்திருப்பது சட்டப்படியே எங்கள் கடமை, அதை மட்டும் சொல்லுங்கள்.

அந்த விமான ஆட்டத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். நீங்கள் ஒரு தடவையாவது அது எப்படி ஓடுகிறது என்று தெரிந்துகொள்வது நல்லது. நூறு ரூபாய் வைத்தால் விமானம் கிளம்பும். பக்கத்தில் ஒரு எண் ஏறிக்கொண்டே போகும், 1.10, 1.40, 1.90. விமானம் மறைவதற்குள் பட்டனைத் தட்டினால் அந்த எண்ணால் பெருக்கிய பணம். தட்டுவதற்குள் மறைந்துவிட்டால் நூறும் போச்சு. ஒரு சுற்று முடியச் சில வினாடிதான். ஓரத்தில் யார் யாரோ ஐயாயிரம், பத்தாயிரம் எடுத்ததாகப் பெயர்கள் ஓடிக்கொண்டே இருக்கும். 2.10-ல் மறைந்ததும் “2.00-ல எடுத்திருக்கலாமே” என்று மனசு அடித்துக்கொள்ளும். அதுதான் கொக்கி. தோற்றோம் என்று மூளை எடுத்துக்கொள்ளாது, “கொஞ்சத்துல தவறிப்போச்சு” என்று எடுத்துக்கொள்ளும். அடுத்த சுற்றுக்குக் கை தானாகப் போகும். உண்மையில் விமானம் எங்கே மறையும் என்பதை அது கிளம்பும் முன்பே கணினி முடிவு செய்திருக்கும். அவன் விரலுக்கு அதில் எந்தத் திறமையும் தேவையில்லை. “97 சதவீதம் திரும்பக் கிடைக்கும்” என்று இந்த வகை ஆட்டங்களுக்கு விளம்பரம் செய்வார்கள். அதை அப்படியே நம்பினாலும் கணக்குப் போடுங்கள்: சுற்றுக்கு 1,000 ரூபாய், நிமிஷத்துக்கு ரெண்டு சுற்று, ஒரு மணி நேரத்தில் 120 சுற்று. சுற்றுக்கு 30 ரூபாய் வீதம் 3,600 ரூபாய் போய்விடும். ஒரு மணி நேரத்தில் மூன்றரைச் சிப்பம் நெல்.

2024 அக்டோபரில் லான்செட் மருத்துவ இதழின் குழு ஒன்று உலகம் முழுவதும் நடந்த ஆய்வுகளைத் திரட்டி ஒரு மதிப்பீடு வெளியிட்டது. ஆன்லைன் கேசினோ, ஸ்லாட் வகை ஆட்டம் ஆடும் பதின்வயதினரில் நூற்றுக்கு 26 பேருக்கு அது நோயாகவே ஆகியிருக்கக்கூடும் என்கிறது. வளர்ந்தவர்களில் அது சுமார் 16. உங்கள் “நோயா திமிரா” கேள்விக்கு இதுவே ஒரு பங்கு பதில். உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலில் இதற்கு இடம் உண்டு. நாங்கள் பார்ப்பது மூன்று விஷயம்: நிறுத்த நினைத்தும் முடியவில்லையா, படிப்பு தூக்கம் சாப்பாடு எல்லாவற்றையும் விட ஆட்டம் முன்னால் வந்துவிட்டதா, கெடுதல் கண்ணுக்குத் தெரிந்தும் தொடர்கிறதா. கடிதத்தை மட்டும் வைத்து உங்கள் தம்பிக்கு அந்தப் பெயரை நான் வைக்க மாட்டேன். ஆனால் அப்பாவின் நெல் பணத்தில் கை வைத்தான், பொய்யும் சொன்னான் என்பது எனக்குக் கவலையாக இருக்கிறது. அவன் போட்ட சண்டை அவமானத்தில் வந்தது. தப்பில்லை என்று உண்மையிலேயே நம்புகிறவன் அப்பாவிடம் மறைத்திருக்க மாட்டான்.

என்ன செய்வது? நார்வேயில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன், எனக்கு வைத்தியத்தில் வழிகாட்டியாகவே இருக்கிறது. அங்கே கடைகளில், பெட்ரோல் பங்க்குகளில் எல்லாம் சூதாட்ட மெஷின் இருந்தது. 2006-ல் ஒரே ஒரு மாற்றம் செய்தார்கள். மெஷினில் பண நோட்டு போடும் வாயை அடைத்துவிட்டார்கள், இனி சில்லறைக் காசு மட்டும்தான். அதற்கே பள்ளிப் பிள்ளைகள் அந்த மெஷினில் ஆடுவது குறைந்தது. அடுத்த வருஷம் மெஷின்களையே எடுத்துவிட்டார்கள். பிள்ளைகளின் மனசை மாற்றிப் பிரசங்கம் செய்து குறைந்ததில்லை இது. கைக்கும் காசுக்கும் நடுவில் கொஞ்சம் தூரம் வந்தது, அவ்வளவுதான்.

உங்கள் வீட்டிலும் அதையே செய்யுங்கள். அப்பாவின் சிம்மைத் தம்பியின் போனிலிருந்து எடுத்து அப்பாவின் பட்டன் போனில் போடுங்கள். அப்பாவை அழைத்துக்கொண்டு வங்கிக்குப் போய் அந்தக் கணக்கில் யுபிஐ, நெட் பேங்கிங் எல்லாவற்றையும் நிறுத்தச் சொல்லி எழுதிக் கொடுங்கள். மீதி 47,000 அப்போதுதான் மிஞ்சும். தம்பிக்கு வாரச் செலவுக்குக் கையில் ரொக்கமாகக் கொடுங்கள். பஸ் காசு, மெஸ் காசு எல்லாம் நோட்டாகத்தான். ஐபிஎல் நடக்கும் இரண்டு மாதம் இன்னும் கவனம் வேண்டும், டாஸ் போடுவதிலிருந்தே பையன்களின் குழுக்களில் பேச்சு ஓடும்.

அடுத்தது, அவனுடைய கணக்கை அவனே பார்ப்பது. தை கடைசியில் திருவாரூர் பக்கத்திலிருந்து ஒரு மாணவன் வந்தான். எவ்வளவு போயிருக்கும் என்று கேட்டேன். “நாப்பதாயிரம் இருக்கும் சார்” என்றான். அதுதான் உண்மை என்று நம்பித்தான் சொன்னான். பதினோரு மாத வங்கிக் கணக்கை டவுன்லோடு செய்து பிரின்ட் எடுத்துவரச் சொன்னேன். பென்சிலைக் கொடுத்து, போட்டதையும் எடுத்ததையும் அவனையே கூட்டச் சொல்லிவிட்டு அடுத்த நோயாளியைப் பார்க்கப் போனேன். திரும்பி வரும்போது மூன்றாவது பக்கத்தில் பென்சில் நின்றிருந்தது. எல்லாம் நூறு, இருநூறு, ஐந்நூறு. ராத்திரி 1:12, 1:13, 1:13, 1:15. பக்கம் பக்கமாக அதே மாதிரி. மொத்தம் முடித்தபோது போனது மட்டும் 2,12,000. கொஞ்ச நேரம் பேசவில்லை. 2025-26 பருவத்தில் சன்ன ரகம் குவிண்டால் 2,545 ரூபாய், 40 கிலோ சிப்பம் 1,018 என்பது அவனுக்கும் தெரியும். அவனாகவே பென்சிலால் ஓரத்தில் வகுத்துப் பார்த்து, “208 சிப்பம் சார்” என்றான். சூதாட்டம் என்ற வார்த்தையை அன்றைக்கு நானும் சொல்லவில்லை, அவனும் சொல்லவில்லை. உங்கள் தம்பியுடனும் இதைச் செய்யுங்கள். கூட உட்காருங்கள், ஆனால் நீங்கள் கூட்டாதீர்கள். அவன் கையால்தான் எழுத வேண்டும்.

நகையை அடகு வைக்காதீர்கள். உங்கள் நல்ல மனசு எனக்குப் புரிகிறது, ஆனாலும் கூடாது. இப்படி ரகசியமாகக் குழியை மூடிய வீடுகளை நிறையப் பார்த்திருக்கிறேன். ஆறு மாதத்தில் அதே குழி, இன்னும் ஆழமாக. “எப்படியும் அக்கா பாத்துக்குவா” என்று மூளையின் ஒரு மூலையில் எழுதிக்கொண்டுவிடும். ஒரு விதிவிலக்கு உண்டு. அப்பா பெயரில் கூட்டுறவுச் சங்கத்தில் பயிர்க்கடன் இருந்து கெடு நெருங்கினால் அதைக் குடும்பமாகச் சேர்ந்து கட்டிவிடுங்கள். கெடுவுக்குள் கட்டினால்தான் வட்டி இல்லை. அதை அந்த 47,000-த்திலிருந்து முதலில் பாருங்கள். தம்பி நண்பர்களிடமோ லோன் ஆப்பிலோ வாங்கிய கடன் இருந்தால் பட்டியல் போட்டு அவன் பெயரிலேயே வையுங்கள். படிப்பு முடித்துச் சம்பாதித்துச் சிறுகச் சிறுக அடைக்கட்டும். லோன் ஆப்காரர்கள் போட்டோவை மாற்றி அனுப்புவேன் என்று மிரட்டினால் பயந்து பணம் அனுப்பாமல் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணில் புகார் கொடுங்கள்.

இன்னொன்றையும் அவனிடம் கண்டிப்பாகக் கேளுங்கள்: “உன் அக்கவுண்டை யாருக்காவது கொடுத்தியா?” இழந்த காசை எடுக்க ஒரு வழி என்று சொல்லி, மாணவர்களின் வங்கிக் கணக்கையும் ஏடிஎம் கார்டையும் மாத வாடகைக்கு வாங்குகிற ஆட்கள் இருக்கிறார்கள். யாருடைய மோசடிப் பணமோ அதன் வழியாக ஓடும். வழக்கு கணக்கின் சொந்தக்காரன் பெயரில்தான் வரும். கொடுத்திருந்தால் இன்றைக்கே வங்கிக்குப் போய் அந்தக் கணக்கை முடக்கச் சொல்லுங்கள், ஒரு வக்கீலையும் பாருங்கள்.

அப்பாவிடம் சொல்ல வேண்டும். நீங்கள் சொல்லாதீர்கள், அவன் சொல்லட்டும், நீங்கள் பக்கத்தில் இருங்கள். காலை நேரமாகப் பாருங்கள். ராத்திரி வேண்டாம், அப்பா வயலிலிருந்து பசியோடு வரும் நேரமும் வேண்டாம். சொல்ல வேண்டியது மூன்றே வரி: நெல் பணம் வந்துவிட்டது, இவ்வளவு போய்விட்டது, நான்தான். அதற்கு மேல் வெளிநாடு, சட்டம், காரணம் எதுவும் அன்றைக்குத் தேவையில்லை. அப்பா கத்துவார். கை ஓங்கினால் நடுவில் நில்லுங்கள். “வீட்ட விட்டுப் போடா” என்ற ஒரு வார்த்தை மட்டும் அவர் வாயிலிருந்து வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். முடிந்தால் முன்கூட்டியே, அவர் மதிக்கிற ஒரு மாமாவையோ சித்தப்பாவையோ வீட்டில் இருக்கச் சொல்லுங்கள். அன்று ராத்திரி தம்பி தனியாகப் படுக்க வேண்டாம்.

பிறகு சிகிச்சை. திருவாரூர், தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது. ஓபி சீட்டு போட்டுக்கொண்டு போகலாம், செலவில்லை. பெரும்பாலும் பேச்சு வழியிலான சிகிச்சைதான். ஆட வேண்டும் என்ற உந்துதல் எப்போது வருகிறது, யார் மெசேஜ் வந்ததும் வருகிறது, அந்த இருபது நிமிஷத்தை எப்படிக் கடப்பது என்று வாரா வாரம் பழக்குவார்கள். தூக்கம் கெட்டு மனச்சோர்வு இருந்தால் அதற்கு மருந்து உண்டு. நடுவில் ஒருமுறை வழுக்கி மறுபடி ஆடிவிடவும் கூடும். ஆடினால் அன்றைக்கே உங்களிடம் சொல்ல வேண்டும் என்று முன்பே பேசி வைத்துக்கொள்ளுங்கள். சொன்னால் திட்டாதீர்கள்.

முதல் தடவை போகும்போது மூன்று பேருமாகப் போங்கள். பிரின்ட் எடுத்த கணக்கையும் அவன் பென்சிலால் கூட்டிய தாளையும் எடுத்துப் போங்கள். அப்பா உள்ளே வர மாட்டேன் என்றால் வற்புறுத்த வேண்டாம், வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கட்டும். வந்திருக்கிறார் என்பது பையனுக்குத் தெரிந்தால் போதும்.